எம்.ஐ.டி.யின் 18.05: இலவசமாகக் கிடைக்கும் நிகழ்தகவு, புள்ளியியல் பாடம் எப்படி?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாடங்களைப் பெயரைவிட எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்கள். 18 என்றால் கணிதத் துறை. 18.05 என்பது இளநிலை மாணவர்களுக்கான நிகழ்தகவு, புள்ளியியல் அறிமுகப் பாடம். ஜெரமி ஆர்லாஃப், ஜொனாதன் புளூம் இருவரும் 2014-இல் நடத்திய வகுப்பின் பாடக்குறிப்புகள் எம்.ஐ.டி. தன் பாடங்களை இலவசமாக வெளியிடும் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் இருக்கின்றன. 2022 வகுப்பின் பதிப்பும் அங்கேயே உண்டு. பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பிடிஎஃப்களை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம். விற்காத வரை நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் உரிமம் இடம் தருகிறது.

தனியாக உட்கார்ந்து புள்ளியியலை அடியிலிருந்து புரிந்துகொள்ள நினைப்பவருக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது இந்தப் பாடத்தைத்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: விரிவுரை வீடியோக்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாணவர்கள் குறிப்பை வீட்டிலேயே படித்துவிட்டு வர வேண்டும், வகுப்பில் குழுவாகப் பலகையில் கணக்குப் போட வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் முறை. அதனால் தளத்தில் கிடைப்பவை படிக்கும் குறிப்புகள், வகுப்புக் கணக்குகள், ஸ்லைடுகள், வீட்டுக் கணக்குகள், தேர்வுத் தாள்கள், புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் பயிற்சிகள். கணக்குகளுக்கும் தேர்வுகளுக்கும் முழு விடை உண்டு. யாராவது பேசக் கேட்டால்தான் மனதில் பதியும் என்பவர்களுக்கு முதல் இரண்டு வாரம் வறட்சியாக இருக்கும்.

முதல் பகுதி நிகழ்தகவு: எண்ணும் முறைகள், சார்புநிலை நிகழ்தகவு, பேயிஸ் தேற்றம், சமவாய்ப்பு மாறிகள், மைய எல்லைத் தேற்றம், இணைப் பரவல்கள். இதில் பலர் இடறும் இடம் எண்ணுவதுதான். சீட்டுக்கட்டில் ஐந்து சீட்டு எடுத்தால் அதில் இரண்டு ஜோடி அமையும் வழிகள் எத்தனை? முதல் ஜோடியின் எண்ணுக்கு 13 வழி, இரண்டாவதற்கு 12 வழி என்று பெருக்கினால் ராஜா ஜோடியும் ராணி ஜோடியும் ஒருமுறை, ராணியும் ராஜாவும் இன்னொரு முறை என்று இரட்டையாக எண்ணிவிடுகிறோம். விடை 2,47,104 என்று வரும். சரியான எண்ணிக்கை அதில் பாதி, 1,23,552. மூன்று சீட்டும் ஒரு ஜோடியுமாக வரும் ஃபுல் ஹவுஸுக்கோ 13 பெருக்கல் 12 என்பதே சரி, ஏனென்றால் அங்கே இரண்டு எண்களுக்கும் வேலை வேறு. இந்த வேறுபாடு பிடிபடாமல் அடுத்த வகுப்புக்குப் போகாதீர்கள்.

இந்தப் பாடத்தின் உயிர் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிப் பாடங்கள் நிகழ்தகவு முடிந்ததும் நேராகக் கருதுகோள் சோதனைக்குத் தாவும். 18.05 அப்படிச் செய்வதில்லை. முதலில் பேயிஸ் முறையில், அதாவது தரவு வர வர நிகழ்தகவைத் திருத்திக்கொண்டே போகும் முறையில், பல வகுப்புகள் நிற்கிறது, பிறகுதான் பி-மதிப்புக்கு வருகிறது. இந்த வரிசையால் வரும் பலனைக் காட்ட, பாடம் திரும்பத் திரும்பக் கையாளும் பகடைக் கணக்கு ஒன்றே போதும்.

ஐந்து பகடைகள். அவற்றுக்கு முறையே 4, 6, 8, 12, 20 முகங்கள். ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, எது என்று காட்டாமல் உருட்டி, விழுந்த எண்ணை மட்டும் சொல்கிறார்கள். 7 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஐந்து வரிசை போடுங்கள், பகடைக்கு ஒன்று. முதல் கட்டத்தில் பிரையர், அதாவது உருட்டும் முன்பே அந்தப் பகடையாக இருக்கும் வாய்ப்பு: எல்லாவற்றுக்கும் 1/5. இரண்டாவதில் லைக்லிஹுட், அதாவது அந்தப் பகடையாக இருந்தால் 7 விழும் வாய்ப்பு: 0, 0, 1/8, 1/12, 1/20. இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் போஸ்டீரியர், அதாவது 7 விழுந்தது தெரிந்த பிறகு அந்தப் பகடையாக இருக்கும் வாய்ப்பு: 8 முகத்துக்கு 0.484, 12 முகத்துக்கு 0.323, 20 முகத்துக்கு 0.194. அதே பகடையை மறுபடி உருட்டி 10 விழுந்தால் 8 முகப் பகடை கழன்றுவிடும், 12 முகத்துக்கு 0.735, 20 முகத்துக்கு 0.265 மிஞ்சும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, லைக்லிஹுட் கட்டத்தையும் கூட்டிப் பார்த்து 1 வரவில்லையே என்று திகைப்பது. அது 1 வர வேண்டியதில்லை. மேலே உள்ள கணக்கில் கூட்டினால் 0.258 தான் வரும். ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு பகடையைப் பற்றிய கூற்று என்பதால் அவற்றைக் கூட்டுவதற்கே பொருள் இல்லை. இதைக் கையால் பத்து முறை போட்டவருக்கு, பின்னால் பி-மதிப்பு வரும்போது குழப்பம் வருவதில்லை. பி-மதிப்பு லைக்லிஹுட் பக்கத்து ஆள்: இன்மைக் கருதுகோள் (நாணயம் கோணல் இல்லை என்பதுபோல, விசேஷம் ஒன்றும் இல்லை என்ற கூற்று) உண்மை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு அல்லது இதைவிட ஒதுங்கிய தரவு வரும் வாய்ப்பு என்ன என்பதைத்தான் அது சொல்கிறது. கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு என்பது போஸ்டீரியர் கட்டம். அதைச் சொல்ல பிரையர் இல்லாமல் முடியாது. பட்டம் வாங்கியவர்கள்கூட மாற்றிச் சொல்லும் இந்த இடம், அந்த அட்டவணையில் இரண்டு தனித்தனிக் கட்டங்களாகக் கண்முன் நிற்கிறது.

பேயிஸ் முறையையும் பி-மதிப்பு முறையையும் ஒப்பிடும் வகுப்பைத் தவற விடாதீர்கள். அங்கே அலசப்படும் நிறுத்தும் விதி, அதாவது சோதனையை எப்போது நிறுத்துவது என்ற சிக்கல், நாணயத்தை ஆறே முறை சுண்டினால் விளங்கிவிடும். நாணயத்தில் ஐந்து முறை தலை, ஆறாவது பூ. ஆறு முறை சுண்டுவது என்று முடிவு செய்து சுண்டியவருக்கு ஒருபக்கப் பி-மதிப்பு 7/64, அதாவது 0.109. பூ விழும் வரை சுண்டுவது என்று முடிவு செய்தவருக்கு அதே தரவில் 1/32, அதாவது 0.031. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளை ஒதுக்குவது என்ற வழக்கமான கோட்டை வைத்துப் பார்த்தால் இரண்டாமவர் நாணயம் கோணல் என்பார், முதலாமவர் அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்பார். பேயிஸ் முறையில் இருவருக்கும் லைக்லிஹுட் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடுகிறது, வகுக்கும்போது அது கழிந்துவிடுகிறது, போஸ்டீரியர் ஒன்றே. தரவைப் பாதியில் எட்டிப் பார்த்துச் சாதகமாக இருந்ததும் நிறுத்துவது ஏன் கூடாது என்பதை இவ்வளவு சிறிய கணக்கில் காட்டுவது பெரிய விஷயம். நிறுவனங்களில் ஏ/பி சோதனை (இரண்டு வடிவங்களில் எது மேல் என்று பயனர்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது) நடத்துபவர்கள் இந்த ஒரு வகுப்புக்காகவாவது இந்தப் பக்கம் வர வேண்டும்.

ஆர் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு வெறும் தாளில் படித்தால் பாதிப் பயன்தான். ஆர், அதில் எழுதி இயக்க உதவும் ஆர்-ஸ்டுடியோ இரண்டையும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம், சாதாரண மடிக்கணினி போதும். நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று குழிகள் உண்டு.

முதலாவது, 'சாம்பிள்' கட்டளை. அது இயல்பாகவே எடுத்ததைத் திரும்பப் போடாமல் அடுத்ததை எடுக்கும். 'ரீப்ளேஸ்' என்பதை 'ட்ரூ' என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பகடையைப் பத்து முறை உருட்டச் சொன்னால் ஆறு எண்தானே இருக்கிறது என்று பிழைச் செய்தி வரும், விழித்துக்கொள்வீர்கள். ஐந்து முறை உருட்டச் சொன்னால் சத்தமில்லாமல் தப்பான விடை வரும், எந்த எண்ணும் இரண்டாம் முறை விழாது. பிறந்தநாள் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: 23 பேரில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு 0.507. ரீப்ளேஸ் மறந்தால் எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் சுத்தமாக 0 வரும்.

இரண்டாவது 'பிபைனாம்'. அது தரும் எண் "இவ்வளவு அல்லது அதற்குக் குறைவாக" என்பதற்கான நிகழ்தகவு. நல்ல நாணயத்தைப் பத்து முறை சுண்டி 8 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு வேண்டுமானால் 1-இலிருந்து 7-க்கான மதிப்பைக் கழிக்க வேண்டும்: 56/1024, அதாவது 0.0547. பழக்கத்தில் 8-ஐப் போட்டுவிட்டால் 0.0107 வரும். ஒரே ஒரு எண் தவறி, 0.05 கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த முடிவு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

மூன்றாவது, இயல்நிலைப் பரவல். பாடக்குறிப்பில் சராசரிக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் எழுதுவது பரவற்படியை, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை. ஆர் கேட்பதோ திட்ட விலக்கத்தை. சராசரி 100, பரவற்படி 225 என்றால் ஆருக்கு 15 என்று கொடுக்க வேண்டும். 130-க்கு மேல் வரும் வாய்ப்பு 0.023. மறந்து 225 கொடுத்தால் 0.447 வரும். விடை வந்ததும் படம் வரைந்து, வால்பகுதி இவ்வளவு பெரிதாக இருக்குமா என்று கேட்டுக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

கணிதம் எவ்வளவு வேண்டும்? எம்.ஐ.டி. கேட்கும் முன்தேவை பல மாறிகளில் நுண்கணிதம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளஸ் டூ கணிதத்தில் வகையிடலும் வரையறுத்த தொகையிடலும் ஒழுங்காகப் போட்டவர் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். இரட்டைத் தொகையிடல் இணைப் பரவல்கள் வகுப்பில் வரும், பகுதி வகையிடல் லைக்லிஹுட் உச்ச மதிப்பீட்டிலும் நேர்கோட்டுப் பொருத்தத்திலும் வரும். அந்தந்த இடத்தில் இரண்டு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொண்டால் போதும். தொகையிடலே படிக்காத வணிகவியல், கலைப்பிரிவு மாணவர்களுக்கு மட்டும் இது ஏற்றதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விவரிப்புப் புள்ளியியல் மெலிதாகத்தான் இருக்கிறது. தரவு வகைகள், அளவுகோல்கள், பெட்டிப் படம், இருவழி அட்டவணை போன்றவை தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் பாடம் வேகமாக நகர்கிறது. இந்த ஓட்டையை அடைக்க நம் ஊரிலேயே நல்ல வழி உண்டு: ஐஐடி மெட்ராஸின் பி.எஸ். படிப்பில் உள்ள முதல் புள்ளியியல் பாடம். பேராசிரியர் உஷா மோகன் எடுக்கும் அந்த 12 வார வகுப்பின் வீடியோக்கள் யூடியூபில் திறந்தே கிடக்கின்றன. முதல் நான்கு வாரத்தைப் பார்த்துவிட்டு 18.05-க்கு வந்தால் தரை கெட்டியாக இருக்கும். வீடியோ இல்லாத குறைக்கும் அதுவே ஓரளவு ஈடு, ஏனென்றால் பிந்தைய வாரங்களில் எண்ணும் முறைகளும் நிகழ்தகவும் ஈருறுப்புப் பரவலும் அங்கேயும் வருகின்றன.

நேர்கோட்டுப் பொருத்தத்துக்கு 18.05 கொடுக்கும் இடமும் குறைவு. வேலைக்காகத் தரவு மாதிரிகள் கட்டப் போகிறவர் அதற்கென்று தனியாக இன்னொரு பாடம் படித்தே ஆக வேண்டும்.

நேரக் கணக்கு: எம்.ஐ.டி.யில் இது 12 அலகுப் பாடம். அங்கே ஓர் அலகு என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர உழைப்பு. ஒரு பருவத்துக்குச் சுமார் 14 வாரம் என்று வைத்தால் 168 மணி. வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் ஆறு மணி ஒதுக்குகிறவருக்கு 28 வாரம், அதாவது ஏறத்தாழ ஆறரை மாதம் பிடிக்கும். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று இறங்குபவர்கள் பொதுவாக பேயிஸ் பகுதியில் பீட்டா பரவல் வரும் இடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள்.

விடைகள் பக்கத்திலேயே இருப்பது வசதியும் ஆபத்தும். வீட்டுக் கணக்கை விடையோடு சேர்த்துத் திறந்தால் எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருக்கும். கணக்குத் தாளை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் நாற்பது நிமிடம் முட்டிய பிறகு விடையின் முதல் இரண்டு வரியை மட்டும் பாருங்கள், மூடிவிட்டு மீதியை நீங்களே போடுங்கள். மறுநாள் வெற்றுத் தாளில் அதே கணக்கைத் திரும்ப எழுதுங்கள். ஆர் பயிற்சியில் விடை நிரலை ஒட்டிப் போடாமல் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

பாடத்தில் இரண்டு இடைத்தேர்வும் ஓர் இறுதித் தேர்வும் உண்டு, மாதிரித் தாள்களும் உண்டு. முதல் இடைத்தேர்வு நிகழ்தகவுப் பகுதியைச் சோதிக்கும். கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். பாதிக்கும் கீழே வந்தால் பேயிஸ் பகுதிக்குள் நுழைய வேண்டாம், சார்புநிலை நிகழ்தகவு வகுப்புக்கே திரும்பிப் போங்கள். அங்கே மர வரைபடத்தின் ஒவ்வொரு கிளையிலும் எழுதும் எண் எதைச் சார்ந்தது என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி மதிப்பெண் நழுவுவது அந்தக் கிளைகளில்தான்.