ஆறு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க்: பழுது டிஸ்கில் இல்லை, வாலில் (கேபிளில்)

யாழ்ப்பாணம் நல்லூரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன கிழமை கேட்டார்: "அண்ணை, கொம்பியூட்டரைப் போட்டால் டிஸ்கைக் காட்டுதில்லை. கடையில டிஸ்க் முடிஞ்சுது, புதுசு போடுங்கோ எண்டு சொல்லுகினம். உங்களிட்டையும் இதே டிஸ்க்தானே, எப்பிடி ஓடுது?" அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. இங்கே பலருக்கும் இதே சிக்கல் இருப்பதால் பொதுவிலேயே போடுகிறேன்.

என் டிஸ்க் 1 டெராபைட், 3.5 அங்குலம், நிமிடத்துக்கு 7200 சுற்று, மதர்போர்டோடு கேபிளால் இணைகிற சாதாரண சாட்டா வகை. ஆறு வருடத்தில் 21,000 மணித்தியாலம் தாண்டிவிட்டது. 2022 இல் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தையும் இது பார்த்திருக்கிறது. டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், கெட்ட இடங்களை எண்ணுகிற 05, சி5, சி6 என்ற வரிகள் மூன்றும் இன்றைக்கும் பூச்சியம். அதாவது தட்டில் ஒரு இடம்கூடக் கெடவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகும் இப்படி நிற்கிற பொருளைக் குறை சொல்ல மனம் வராது.

ஆனால் இதே ஆறு வருடத்தில் பதினொரு தடவை பயோஸில் (கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் ஓடுகிற மதர்போர்டின் நிரலில்) இந்த டிஸ்க் காணாமல் போயிருக்கிறது. ஒன்பது தடவை கேபிள், ஒரு தடவை பவர் சப்ளை, ஒரு தடவை மதர்போர்டில் இருக்கிற சிமோஸ் பற்றரி. ஒரு தடவைகூட டிஸ்க் இல்லை.

கேபிளை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. டேட்டா இணைப்பில் ஏழு தொடுமுனைகள், பவர் இணைப்பில் பதினைந்து. எல்லாம் மெல்லிய தங்கப் பூச்சு, அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்புக் கலவை. பெட்டிக்குள் பாவிக்கிற சாட்டா இணைப்பி ஏறக்குறைய ஐம்பது தடவை கழற்றிப் பூட்டுவதற்குத்தான் வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் பிடி தளரும். டிஸ்கோ விநாடிக்கு 120 தடவை சுற்றுகிறது. அந்த அதிர்வில் தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரியாமல் உரசிக்கொண்டே இருக்கின்றன. பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று வேலையைக் காட்டும். குருநகர், பாசையூர், நாவாந்துறை, காரைநகர் பக்கம், கடனீரேரியைப் பார்த்த யன்னலுக்குக் கீழே பெட்டி வைத்திருப்பவர்கள் வைகாசியில் சோளகக் காற்று தொடங்கினால் இதை எதிர்பார்க்கலாம். சுன்னாகம் பக்கம் உப்புக் குறைவு, அதற்குப் பதிலாகச் செம்மண் தூசி.

கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். நல்ல தொடுமுனை மஞ்சளாக ஒரே சீராக மின்னும். கெட்டதில் நடுவே மங்கலான ஒரு கோடு ஓடும். கோட்டின் ஓரத்தில் பச்சை கலந்த கரும்புள்ளிகள் இருக்கும். கேபிளை அழுத்திவிட்டால் டிஸ்க் திரும்பி வருவதற்கும், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி போவதற்கும் இதுதான் காரணம். அழுத்தும்போது தொடுமுனை கொஞ்சம் நகர்ந்து புது இடத்தில் தொடுகிறது. பிறகு அந்த இடமும் கறுக்கிறது. அழுத்திவிட்டதால் பழுது தீர்ந்துவிட்டது என்று நினைக்கவே கூடாது.

சுத்தம் செய்ய 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலும் நூல் விடாத துணியும் போதும். தொடுமுனை நீளும் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே வேண்டாம். பென்சில் அழிக்கிற இறப்பரால் தேய்க்கச் சொல்வார்கள். மிஞ்சியிருக்கிற தங்கத்தையும் அது உரித்துவிடும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயும் கூடாது, அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபிளின் பக்கத்தைச் சுத்தம் செய்ய மினக்கெட வேண்டாம், உலோகக் கிளிப் உள்ள புதுக் கேபிள் சில நூறு ரூபாதான். பழையதை அப்போதே வெட்டி எறியுங்கள். மேசை லாச்சிக்குள் போட்டால் ஒரு நாள் அதுவே திரும்பவும் பெட்டிக்குள் போகும். கழற்றும்போது கிளிப்பை அமத்தி நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் டிஸ்கின் பக்கத்தில் இருக்கிற 'எல்' வடிவப் பிளாஸ்டிக் நாக்கு உடையும். அது உடைந்தால் எந்தக் கேபிளும் நிற்காது.

கேபிள்தானா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற வரி சொல்லிவிடும். லினக்ஸில் அதே வரி 199 என்று வரும். கேபிள் வழியாக வந்த தரவு பிழையாக வந்து சேர்ந்த ஒவ்வொரு தடவையும் அந்த எண் ஒன்று கூடும், ஒருபோதும் குறையாது. அதனால் எண் பெரிதாக இருப்பது பிரச்சினை இல்லை, ஏறிக்கொண்டு போவதுதான் பிரச்சினை. மென்பொருள் இதைப் பதினாறின் அடி எண்ணாக (ஹெக்ஸ்) காட்டும். அட்வான்ஸ்ட் மெனுவில் ரோ வேல்யூஸ் என்ற இடத்தில் பத்தின் அடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேபிள் மாற்றிய அன்று எண்ணையும் திகதியையும் ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டுங்கள். என் பெட்டியில் கடைசியாக ஒட்டியது 1,184. ஐந்து மாதமாக அசையவில்லை. புதுக் கேபிளிலும் எண் ஏறினால் மதர்போர்டில் வேறு சாட்டா துளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதிலும் ஏறினால்தான் டிஸ்கின் பக்கம் சந்தேகம் போகலாம்.

அடுத்தது பவர். கைவிரலை டிஸ்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொம்பியூட்டரைப் போடுங்கள். மெல்லிய அதிர்வு எழும்பி நிலைக்க வேண்டும். காலையில் முதல் தடவை போடும்போது டிஸ்க் இல்லை, உடனே ரீஸ்டார்ட் செய்தால் இருக்கிறது என்றால் முதலில் பவர் சப்ளையைப் பிடியுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் விநாடிகளில் 12 வோல்ற்றில் 2 அம்பியர் வரை இழுக்கும். கப்பாசிற்றர் களைத்த சப்ளையால் அதைக் கொடுக்க முடியாது. ரீஸ்டார்ட்டில் டிஸ்க் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைப் பவர் இணைப்பின் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் வைத்துப் போடும்போதே பாருங்கள். 11.4 இற்குக் கீழே இறங்கக் கூடாது. சிவப்பு வயரில் 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையில் நிற்க வேண்டும். பயோஸில் ஹார்ட் டிஸ்க் டிலே என்று ஒரு தெரிவு இருந்தால் சில விநாடி கூட்டலாம், ஆனால் அது வைத்தியம் இல்லை, தவணை.

மொலெக்ஸ் என்கிற பழைய நான்கு முள் பவர் இணைப்பை சாட்டாவாக மாற்றுகிற வயர் வாங்குவதானால் வார்ப்புப் பிளாஸ்டிக் தலை உள்ளதைத் தொடவே வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கி, உருகி, தீப்பிடிக்கிற வகை அது. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகச் செருகித் தெரிகிற தலையாக எடுங்கள். யூஎஸ்பி வெளிப்பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் பெரும்பாலும் பவர் பக்கத்து மூன்றாம் முள்தான் காரணம். பழைய சப்ளை அதில் 3.3 வோல்ற் கொடுக்கும், புது டிஸ்க் அதை 'நிறுத்து' என்று எடுத்துக்கொள்ளும். அந்த முள்ளை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடினால் போதும்.

சிமோஸ் பற்றரி. இங்கே இரவில் சுவர் சுவிட்சையே நிறுத்திவிட்டுப் படுப்பது வழக்கம். அப்போது கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 பற்றரி மட்டும்தான், அதனால் அது சீக்கிரம் தீரும். தீர்ந்தால் சாட்டா முறை, அதாவது மதர்போர்டு டிஸ்கோடு பேசும் விதம், தொடக்க நிலைக்குப் போய்விடும். சில மதர்போர்டுகளில் அந்தத் தொடக்க நிலை ரெய்டு என்ற முறை. ஏஎச்சிஐ என்ற வேறு முறையில் நிறுவிய விண்டோஸ் ரெய்டு முறையில் எழும்பாமல் நீலத் திரை காட்டும், பார்ப்பவருக்கு டிஸ்க் செத்த மாதிரித் தெரியும். கடிகாரத்தில் ஆண்டு பிழையாக இருந்தால் டிஸ்கைத் தொடாதீர்கள், பற்றரியை மாற்றி முறையைப் பழையபடி வையுங்கள்.

புதிதாக எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே பூட்டுகிற, சுழலாத டிஸ்க்) போட்ட அன்றிலிருந்து பழைய டிஸ்க் காணாமல் போனதென்றால் பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. பல மதர்போர்டுகளில் அந்தத் துளையும் ஐந்தாம் ஆறாம் சாட்டா துளைகளும் ஒரே பாதையைப் பங்கிடும். கையேட்டைப் பார்த்துக் கேபிளை வேறு துளைக்கு மாற்றுங்கள்.

பயோஸில் பெயரும் கொள்ளளவும் சரியாக இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையா? டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் டிரைவ் எழுத்து (D, E மாதிரி) இல்லாமலோ ஆஃப்லைனாகவோ கிடக்கும். ஒரு டிஸ்கை அப்படியே பிரதி (குளோன்) எடுத்து இரண்டையும் சேர்த்துப் பூட்டினால், இரண்டின் அடையாள எண்ணும் (கையொப்பம்) ஒன்றாகி மோதுவதால் ஒன்று ஆஃப்லைனாகத்தான் நிற்கும். உள்ளே தரவு இருக்கிற டிஸ்குக்கு 'இனிஷியலைஸ்' என்றோ 'ஃபோர்மட்' என்றோ கேட்டால் சம்மதம் கொடுக்கவே கூடாது. கலியாணப் படமும் காணி உறுதியின் ஸ்கானும் இந்த ஒரு சொடுக்கில்தான் போகின்றன. கேபிள் பிழையால் வந்த செய்தியாகவும் அது இருக்கலாம்.

டிஸ்க் உண்மையில் சாகும்போது அடையாளம் வேறு: ஒரே சீராக டிக், டிக் என்று அடிக்கும், அல்லது மோட்டர் இறுகி மெல்லப் பீப் அடிக்கும், அல்லது பயோஸில் பெயர் வந்து கொள்ளளவு 0 என்று நிற்கும். அப்போது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் தரவைக் கொல்லும். உடனே நிறுத்திவிட்டு மீட்பவரிடம் கொடுக்க வேண்டும். அதே மொடலின் சர்க்யூட் பலகையை மாற்றிப் பூட்டினால் சரிவரும் என்பதை நம்பாதீர்கள். அந்த டிஸ்குக்கே உரிய விவரங்களை வைத்திருக்கிற, பழைய பலகையிலிருக்கிற எட்டுக்கால் றொம் சிப்பும் புதியதற்கு மாறாமல் இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் எழும்பா.

இவ்வளவையும் பார்க்காமல், கேபிளைக்கூட மாற்றிப் பார்க்காமல் "டிஸ்க் முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. டிஸ்கின் விலையை விட உள்ளே இருப்பது பெரிது, அது தெரிந்தவர்கள்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இப்படி ஒரு டிஸ்கை வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். குற்றம் டிஸ்கில் இல்லை, அது எனக்குத் தெரியும். தட்டுக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். ஆனால் கடற்கரைப் பக்கத்து வீட்டில் வயரில் தொங்குகிற எதையும் இனி முதன்மை டிஸ்காக வைக்க மாட்டேன். மதர்போர்டிலேயே படுத்து, ஒரு ஸ்குறூவில் பூட்டுகிற எம்.2 எஸ்எஸ்டிக்கு இந்தக் கேபிள் தொல்லை இல்லை. அதற்கு மாறிவிட்டேன். பழைய டிஸ்க் பிரதி எடுத்து வைக்க மட்டும் அதே பெட்டியில் இருக்கிறது, 1,184 என்று எழுதிய டேப்போடு.