ஃபோல்ட்ஸ்கோப்: நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு வாங்கலாமா?

ஃபோல்ட்ஸ்கோப் என்பது நாமே மடித்துச் செய்துகொள்ளும் காகித மைக்ரோஸ்கோப். காகிதம் என்றதும் பொம்மை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு வடிவமைத்து, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட கருவி இது. 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும். வெங்காயச் செல்லுக்கு இது தாராளம். பாக்டீரியா தெரியும் என்று மட்டும் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள்.

ஆசிரியரே முந்தின நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மடித்து வைத்துவிடுவது வீண் வேலை. கொடுத்த காசில் பாதி, மடிப்பதிலேயே வசூலாகிவிடும். உடன் வரும் படக் குறிப்பைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு தமிழ் வாக்கியங்கள் எழுதி, தனித்தனி அட்டையாக வெட்டி, கலைத்துப் போட்டுக் கொடுங்கள். மூன்று பேருக்கு ஒரு கருவி: ஒருவர் வாசிக்க, ஒருவர் மடிக்க, ஒருவர் படத்தோடு சரிபார்க்கலாம். அட்டைக்கு ஒரு வினை போதும். ‘மடித்துச் செருகு’ என்று எழுதினால் மடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். இதற்கே ஒரு பாடவேளை முழுதாகப் போகும். போகட்டும்.

இலக்கணம் இதிலேயே வந்துவிடுகிறது. அட்டையில் இருப்பதெல்லாம் ஏவல்: மடி, செருகு, இழு, பார். குறிப்பேட்டில் எழுதும்போது மடித்தேன், செருகினேன், இழுத்தேன், பார்த்தேன். ‘இழுதேன்’ என்று ஒற்றை விடுவதும், ‘செருகுனேன்’ என்று பேச்சு வழக்கில் எழுதுவதும் அப்போதே கண்ணில் படும். கையால் செய்த வேலையைத்தான் எழுதுகிறார்கள் என்பதால், இறந்தகாலம் என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

முதல் ஸ்லைடுக்குப் பெரிய வெங்காயம். நான்காக வெட்டி, ஓர் இதழை எடுத்து, அதன் குழிந்த உட்பக்கத்திலிருந்து கண்ணாடி போன்ற சவ்வை உரியுங்கள். நகத்தளவு போதும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சுருக்கமில்லாமல் விரித்து, மருந்துக் கடை அயோடின் ஒரு சொட்டு சேர்த்து, கவர்ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய தகடு) ஓர் ஓரத்திலிருந்து சாய்த்து இறக்க வேண்டும். நேராகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். தடித்த கறுப்பு விளிம்போடு அழகான வட்டமாகத் தெரிவது குமிழிதான். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செல் என்று வரைந்து வைப்பார்கள். செல் செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அயோடின் இல்லையென்றால் ரியோ என்ற அழகுச்செடியின் இலையில் ஊதா நிற அடிப்பக்கத் தோலை உரித்துப் பாருங்கள். சாயமே வேண்டாம், இலைத்துளைகளும் தெரியும். மண்துகள் போன்றவை வெறும் கறுப்புக் கட்டிதான். ஒளி ஊடுருவாத எதற்கும் இது உதவாது.

‘ஒண்ணுமே தெரியல டீச்சர்’ என்ற குரல் வந்தால் முதலில் ஸ்லைடைப் புரட்டிப் பாருங்கள். கவர்ஸ்லிப் லென்ஸ் பக்கம் இருக்க வேண்டும். இந்தச் சிறு கோள லென்ஸ் பொருளை ஒட்டி நின்றால்தான் பார்க்கும். இடையில் கண்ணாடியின் முழுத் தடிமன் வந்துவிட்டால் குவியத்தைச் சரிசெய்ய எவ்வளவு இழுத்தாலும் தெளியாது. அடுத்தது கண். புருவத்தில் படுமளவு நெருக்கிப் பிடிக்கத் தயங்குகிறார்கள், அதனால் ஓர் ஒளிப்புள்ளியோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது வெளிச்சம். சன்னலைப் பார்த்து நிற்க வைத்தால் போதும். சூரியனைப் பார்த்து ஒருபோதும் பிடிக்கக் கூடாது. இதை முதல் அட்டையிலேயே எழுதிவிடுங்கள். மழை நாளில் ஃபோன் டார்ச்சின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கூசும்.

காந்த இணைப்பை வைத்து ஃபோனில் பொருத்தினால் வகுப்பு முழுவதும் பார்க்கலாம். மூன்று நான்கு கேமரா உள்ள ஃபோனில் எது முதன்மைக் கேமரா என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்த பிறகு ஒட்டுங்கள். ஆனால் ஃபோனில் காட்டியதோடு நிறுத்தினால், அது இன்னொரு வீடியோ வகுப்பு; கருவி வாங்கியிருக்கவே வேண்டாம்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம். விரல் பழகாததால் மடிப்பு கிழியும் என்பது சின்னக் காரணம். காந்தங்கள் சிறியவை, இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அறுவைசிகிச்சை வரை போகலாம். பெரிய வகுப்பிலும் மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே காந்தங்களை எண்ணி வாங்கிவிடுங்கள்.