மாவட்டம் கேட்டால் அரியலூர் வருகிறதா? கூகுள் ஃபார்ம்ஸ் டிராப்டவுன் பற்றி

தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை ஊராருக்கு ஃபார்ம் நிரப்புவதுதான் வேலை. அதனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது டிராப்டவுன்களைத்தான், அதாவது தொட்டால் பட்டியல் விரிந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டிகளை. கை வைப்பதற்கு முன்னாலேயே அதில் என்ன தேர்வாகி நிற்கிறது என்று பார்ப்பேன். இந்தப் பழக்கம் ஒரு பெண் பட்ட கஷ்டத்தில் வந்தது.

ஒரு தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். போன் நம்பர் மாறிவிட்டது, திருத்த வேண்டும் என்று அப்பாவோடு வந்தாள். திருத்தும் பக்கத்தைத் திறந்து நம்பரை மட்டும் மாற்றி சேமித்தேன். ஹால் டிக்கெட் வந்தபோது தேர்வு மையம் அரியலூர்! திருச்சி தாண்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. "அண்ணாச்சி, நாம அரியலூர்னு போடவே இல்லையே" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் மவுஸைப் பிடித்தது நான்.

வெப் டிசைன் படித்த அக்கா மகன் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் புரோகிராம் வரிகளைத் திறந்து காட்டினான். பட்டியலில் எந்த வரி தேர்வாகி நிற்க வேண்டுமோ அந்த ஆப்ஷனில் 'செலக்டெட்' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். எதிலும் அது இல்லையென்றால் பிரவுசர் சும்மா இருக்காது, முதல் ஆப்ஷனையே தேர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை ஆங்கில வரிசையில் அடுக்கினாலும் தமிழ் வரிசையில் அடுக்கினாலும் முதலில் வருவது அரியலூர். அவள் பதிவில் எங்கள் ஊர் ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்து எழுதப்பட்டிருந்தது. பட்டியலிலோ 'எச்' இல்லாத தென்காசி. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த மாவட்டம் எங்களுடையது, ஆளாளுக்கு ஒரு எழுத்தில் எழுதுகிறார்கள். ஓர் எழுத்து பொருந்தவில்லை, 'செலக்டெட்' எங்கும் விழவில்லை, நாங்கள் தொடாத மாவட்டப் பெட்டி தானாக அரியலூர் ஆகிவிட்டது, தேர்வு மையமும் அங்கேயே விழுந்தது.

இதற்கு மருந்து பெரிய வித்தை இல்லை. பட்டியலின் தலையில் மதிப்பே இல்லாத ஒரு வரி, 'மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்று. கூடவே கட்டாயம் என்ற குறி. அப்புறம் தேர்ந்தெடுக்காமல் அனுப்பினால் பிரவுசரே தடுத்துவிடும். இரண்டே இரண்டு மாற்றம், அதைக்கூடச் செய்யாமல் ஃபார்ம் வெளியிடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

சரி, நாமே ஆன்லைன் ஃபார்ம் உருவாக்க உதவும் கூகுள் ஃபார்ம்ஸுக்கு வருகிறேன். எங்கள் தெருப் பையன்கள் ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்று எடுக்க ஃபார்ம் கேட்டார்கள். இதில்தான் செய்து கொடுத்தேன். எனக்கு முதலில் பிடித்தது, இதன் டிராப்டவுன் தானாக எதையும் தேர்ந்துகொள்வதில்லை. 'சூஸ்' என்று மட்டும் நிற்கும். 'ரெக்வயர்ட்' பொத்தானைத் தள்ளிவிட்டால் நிரப்புகிறவர் கை வைத்தே ஆக வேண்டும். ரத்த வகைக்கு இதைவிட முக்கியம் வேறு இல்லை. எட்டு வகையில் ஏ பாசிட்டிவ் முதலில் நின்று, அவசரத்தில் ஒருவர் அப்படியே அனுப்பினால், நாளைக்கு ஓ நெகட்டிவ் தேடும் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே ஆள் பட்டியலில் காணாமல் போவார். அந்தப் பெட்டி காலியாகத் தொடங்குவதுதான் சரி.

ஆனால் எந்த ஊர் என்று கேட்கும் பெட்டி அப்படி இல்லை. கடையநல்லூர் ரத்ததான முகாமுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடையநல்லூர்க்காரர்கள். ஒவ்வொருவரையும் பட்டியலில் தேட விடுவது வீண் வேலை. இங்கே முன்கூட்டியே நிரப்பிய லிங்க் கைகொடுத்தது. ஃபார்ம் எடிட் செய்யும் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கிறது. அதைத் திறந்து ஊரை மட்டும் தேர்ந்து, மற்றதைத் தொடாமல் விட்டு, லிங்க்கை எடுத்துக்கொள்ளலாம். அந்த லிங்க்கில் திறப்பவருக்கு ஊர் ஏற்கெனவே தேர்வாகி இருக்கும், வேறு ஊர்க்காரர் மாற்றிக்கொள்ளவும் முடியும். தென்காசிக்கு ஒன்று, கடையநல்லூருக்கு ஒன்று, சுரண்டைக்கு ஒன்று என்று மூன்று லிங்க் எடுத்து, மூன்று கியூஆர் கோடாக அச்சடித்து ஒட்டினோம். ஃபார்ம் ஒன்றுதான், பதில்கள் ஒரே ஷீட்டில் வந்து சேர்ந்தன.

குறை என்றால், தேர்வு ஃபார்முக்குள் இல்லை, லிங்க்குக்குள் இருக்கிறது. யாராவது சாதா லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் ஊர் காலியாகத்தான் வரும். கேள்வியிலேயே 'இதை முதலில் காட்டு' என்று ஒரு வசதி கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். தமிழில் ஆப்ஷன் வைத்தால் லிங்க் சதவீதக் குறிகளோடு முழ நீளத்துக்குப் போகும், கியூஆர் கோடு இல்லாமல் தாளில் கொடுக்க முடியாது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். லிங்க் எடுத்த பிறகு ஆப்ஷனின் எழுத்தைத் திருத்தாதீர்கள். ஊர்ப் பெயரில் கடைசியில் விட்டுப்போன ஒரு இடைவெளியை நீக்கினாலும் லிங்க்கைப் புதிதாக எடுத்துவிடுவது நல்லது. நான் திருத்தியபோது பழைய லிங்க்கில் 'சூஸ்' என்றே நின்றது. வேலை தடைபட்டது உண்மை, ஆனாலும் இன்னொரு ஊர் தானாக ஏறிக்கொள்ளவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி.

பணம் எதுவும் இல்லை, ஃபார்ம் உருவாக்குபவருக்கு ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும். கடைக்கு வருகிறவர்களுக்கு இதையே சிபாரிசு செய்கிறேன். போஸ்டர் அடிக்கக் கொடுக்கும் முன் லிங்க்கை உங்கள் போனிலேயே ஒரு தடவை திறந்து, எந்தப் பெட்டியில் என்ன நிற்கிறது என்று வரிவரியாகப் பார்த்துவிடுங்கள்.