வெளிநாட்டு உலோக உதிரிபாகம்: வர்த்தகச் சங்கங்கள் வழியாக வாங்கிய குன்னூர் பட்டறை அனுபவம்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலை ஃபேக்டரிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பதும், செய்ய முடியாததை வாங்கிக் கொடுப்பதும் எங்கள் பட்டறையின் தொழில். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலருக்குப் பல் வெட்டுவது, ஷாஃப்ட், கியர், வார்ப்பு எல்லாம் மலையிறங்கிக் கோவை போனால் முடிந்துவிடும். அதற்கெல்லாம் வெளிநாடு தேடுவது வீண் செலவு. ஆனால் கிரீன் டீ, ஸ்பெஷாலிட்டி டீ என்று ஜப்பான், தைவான் மெஷின்கள் இங்கே வந்த பிறகு, கோவையிலும் கிடைக்காத சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவற்றை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களின் வர்த்தகச் சங்கங்கள் வழியாக வாங்கிப் பல வருஷம் ஆகிறது. எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களை அதிகம் அலைய வைத்தது, சூடான காற்றில் தேயிலைத் தூளை மிதக்கவிட்டு உலர்த்தும் ஃப்ளூயிட் பெட் டிரையரின் அடித்தட்டு. மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு, அதில் ஆயிரக்கணக்கில் பொடி ஓட்டைகள். சாதாரண ஓட்டை இல்லை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுவென்று போகும், எதிர்த்திசையில் கேரட் துருவி மாதிரி பிடிக்கும். அந்தச் சாய்வு வழியாக வரும் சூடான காற்றுதான் தூளை மிதக்க வைத்து முன்னால் தள்ளுகிறது. ஒரு தகட்டின் ஓட்டை அளவு அடுத்ததோடு ஒத்துப்போகாவிட்டால் டிரையர்காரருக்கு உடனே தெரிந்துவிடும். "அண்ணா, அந்த மூலையில தூள் நவுரவே மாட்டேங்குது, கருகுது" என்று ராத்திரி ஷிஃப்டில் போன் வரும். அதற்குள் வந்த இலை வாடி மெஷின் ஏறக் காத்திருக்கும். இலை யாருக்காகவும் நிற்காது.

இந்த மாதிரிச் சாமானை நெட்டில் பெயர் போட்டுத் தேடினால் முதலில் வருவது டிரேடிங் கம்பெனிகள்தான். போல்ட்டும் விற்பார்கள், பைப்பும் விற்பார்கள், நம் தகட்டையும் விற்பார்கள். எவர் பட்டறையில் அடித்தது என்று கேட்டால் பதில் வராது. சங்கத்தின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் பொருளின் பெயரை வைத்துச் சங்கத்தைத் தேடக்கூடாது, அந்தப் பொருள் எந்த முறையில் உருவாகிறது என்பதை வைத்துத் தேட வேண்டும். 'டீ டிரையர் உதிரிபாகம்' என்று தேடியவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'தகட்டில் துளையிடுபவர்கள்' என்று தேடியதும் அமெரிக்காவின் இண்டஸ்ட்ரியல் பெர்ஃபரேட்டர்ஸ் அசோசியேஷனும் ஐரோப்பாவின் யூரோபெர்ஃப்பும் கிடைத்தன. ஷாஃப்டைத் தாங்கும் எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் வேண்டுமென்றால் அது பவுடர் மெட்டல் வேலை, அதாவது உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்வது. அமெரிக்காவின் உலோகத் தூள் தொழில் கூட்டமைப்பான எம்பிஐஎஃப் சங்கத்தார் அதற்கென்று 'ஸ்டாண்டர்டு 35' என்ற தர விதிமுறையை வெளியிடுகிறார்கள். அந்த எண்ணை டிராயிங்கில் குறித்த பிறகு புஷ்ஷின் அடர்த்தி, எண்ணெய் அளவு பற்றி யாரோடும் வாதாட வேண்டி வரவில்லை.

சங்கத்துக்கு எழுதும் மெயிலில் 'நல்ல சப்ளையர் சொல்லுங்கள்' என்று கேட்டால் உறுப்பினர் பட்டியலின் லிங்க் வரும், அதோடு முடிந்தது. தகட்டின் கனம், ஓட்டை அளவு, சாய்வுத் திசை, ஓரத்தில் விடவேண்டிய வெற்றிடம், கிரேடு, எத்தனை தகடு, எந்த மெஷினுக்கு என்று எழுதி, பழைய தகட்டை ஸ்கேலோடு படமெடுத்து அனுப்பினால் வருகிற பதிலே வேறு. அலுவலகத்தார் அதை உறுப்பினர்களுக்கு அனுப்பி வைக்கிறார்கள். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பதில் விலைப்பட்டியல் இல்லை. 'தகட்டின் கனத்தைவிடச் சின்ன ஓட்டை ஸ்டெயின்லெஸ்ஸில் எங்கள் டூலுக்கு ஒத்துவராது, இன்னாரிடம் கேளுங்கள்' என்று ஒரு கம்பெனி எழுதியதுதான். யாரால் எது முடியும் என்பது ஒரே சங்கத்துக்காரர்களுக்குள் நன்றாகத் தெரியும். முடியாததை முடியாது என்று சொன்னவரைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டேன். வேறு சாமானுக்கு இன்றும் அவரிடம்தான் வாங்குகிறோம்.

பெரிய அமைப்புகளைப் பற்றி என் கணிப்பு: 1892-இல் தொடங்கிய ஜெர்மனியின் விடிஎம்ஏ மெஷின் தயாரிப்பாளர்களின் சங்கம். இந்திய அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. பழைய மெஷினின் ஒரிஜினல் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்க அருமையான வழி, ஒற்றைத் தகட்டுக்கு அவ்வளவு சரிப்படாது. ஜப்பானின் ஜெட்ரோவும் தைவானின் டைட்ராவும் உறுப்பினர் சங்கங்கள் அல்ல, அரசு ஆதரவுள்ள வர்த்தக மேம்பாட்டு அமைப்புகள். ஆளை அறிமுகப்படுத்துவார்கள், தரத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தோ-ஜெர்மன் வர்த்தக சேம்பர் மாதிரி இடங்களில் கட்டணம் கட்டி சப்ளையர் தேடித் தரச் சொல்லலாம். இவை எல்லாவற்றையும்விட முதலில் கோவையின் தொழில் சங்கங்களான கொடிசியா, சீமா உறுப்பினர்களிடம் கேட்டுவிடுவேன். அதே சாமானைக் கோவையில் ஒருவர் ஏற்கெனவே இறக்கியிருப்பார், நல்லது கெட்டதை மறைக்காமல் சொல்வார்.

உறுப்பினர் என்பதாலேயே தரம் வந்துவிடாது. ஒரு கொட்டேஷனில் சங்கத்தின் சின்னம் பளிச்சென்று இருந்தது. சங்கத்துக்கே எழுதிக் கேட்டதில், அந்த நிறுவனம் சந்தாவைப் புதுப்பித்தே வெகுநாள் ஆயிற்று என்று தெரிந்தது. சின்னத்தைப் பார்க்காதீர்கள், சங்கத்திடம் கேளுங்கள், ஒரு மெயில்தான் செலவு. பணம் அனுப்பும் நேரத்தில் இந்தப் பட்டியலுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. 'பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, புது எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று ஒரு சப்ளையரின் பெயரில் மெயில் வந்தது. மெயிலில் இருந்த போன் நம்பரை விட்டுவிட்டு, சங்கத்தின் பட்டியலில் இருந்த நம்பருக்குப் பேசினோம். அவர்கள் எதையும் மாற்றவில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

சாமான் வந்த பிறகு சோதனை. ஆர்டரிலேயே இஎன் 10204 வகை 3.1 சான்றிதழ் (உலோகத்தின் பரிசோதனைச் சான்று) கேட்டுவிடுங்கள். உருக்கு எந்த ஹீட்டில், அதாவது உலையில் ஒரே தடவை உருக்கிய எந்தத் தொகுதியில் ஊற்றியது என்ற எண் அதில் இருக்கும், தகட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இங்கே பலர் காந்தத்தை வைத்து, ஒட்டினால் மட்டம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. 304 கிரேடு தகட்டில் ஓட்டை அடிக்கும்போது அந்த ஓரங்கள் அழுத்தத்தில் இறுகி லேசாகக் காந்தத்தைப் பிடிக்கும், நல்ல தகடும் பிடிக்கும். கோவையில் சிட்டார்க் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தகராறு வந்ததும் உண்டு. ஒரு தடவை வந்த தகடுகள் வில் மாதிரி வளைந்திருந்தன. 'ஓரத்தில் நீங்கள் கேட்ட அகலமான வெற்றிடம்தான் காரணம்' என்றார் சப்ளையர். அகல ஓரம் விட்டால் தகடு வளைய வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு வரை வளையலாம் என்பதற்குச் சங்கத்தின் டாலரன்ஸ் அட்டவணை இருந்தது. அவர்களே சேர்ந்து ஒப்புக்கொண்ட அட்டவணை என்பதால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. கோவையில் தகடுகளை நிமிர்த்தி லெவலிங் செய்த செலவை அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தார்கள்.

பேப்பர் வேலை சுருக்கமாக. ஐஇசி நம்பர் (ஏற்றுமதி-இறக்குமதிக்கான பதிவு எண்) கட்டாயம், வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஜப்பான் சாமானுக்கு 2011 முதல் நடப்பில் இருக்கும் இந்தியா-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை கிடைக்கலாம், அதற்கு ஜப்பான் சேம்பர் தரும் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். தைவானோடு அப்படி ஒப்பந்தம் இல்லை, விலை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள். மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா என்று ஏற்றும் முன்பே படம் கேட்டு வாங்குங்கள்.

சின்ன ஃபேக்டரிக்குப் பெரிய தடை குறைந்தபட்ச அளவுதான். நான்கு தகடு கேட்டால் யாரும் டூல் மாட்ட மாட்டார்கள். அதனால் ஒரே மாடல் டிரையர் வைத்திருக்கும் ஃபேக்டரிகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுகிறோம், முழுத் தகடாக இறக்கிக் கோவையில் வெட்டிக்கொள்கிறோம். ஆயுத பூஜைக்கு முன்னால் ஆர்டர் போய்விட்டால், வடகிழக்கு மழையில் மலைப்பாதை அடைபட்டு நாலு நாள் தாமதமானாலும், ஜனவரிப் பனியில் இலை வரத்து குறையும்போது தகட்டை மாற்றிவிடலாம். இந்த வருஷம் சேர விரும்புகிற ஃபேக்டரிக்காரர்கள், டிரையரின் மாடல் எண்ணையும் பழைய தகட்டை ஸ்கேலோடு எடுத்த படத்தையும் இப்போதே தயாராக வைத்திருங்கள்.