"பிக்கப் செத்துப்போச்சு" என்று சொன்னால் கிடாரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

சென்னையில் பழைய எலக்ட்ரிக் கிடார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, அப்பாவோ மாமாவோ வாசித்த ஜப்பான் கிடார் வீட்டில் இருந்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற பாகம்) மாற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ரூ.18,000 போனது. பணத்தையாவது சம்பாதித்துவிடலாம், கிடாரிலிருந்து கழற்றிய அசல் பிக்கப் இரண்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

கிடார் என் மாமாவுடையது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த யமஹா, இரண்டு ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்). கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் கச்சேரிகளில் வருடக்கணக்காக வாசித்தது. சுவிட்சை பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனை) பக்கம் தள்ளினால் கரகரவென்று சத்தம் வரும், சில நேரம் ஒன்றுமே கேட்காது. குறை அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் பொறுமையாகத்தான் பேசினார். கிடாரைத் திறந்து பிக்கப் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். "பாருங்க தம்பி, 7.8 தான் காட்டுது. புது பிக்கப் 16 காட்டும். பாதி செத்துப்போச்சு. காந்தமும் வயசானதுல வீக் ஆயிருக்கும்" என்றார். மீட்டரை என் பக்கம் திருப்பியும் காட்டினார். கண் முன்னால் ஒரு எண் தெரியும்போது யாருக்கும் நம்பத்தான் தோன்றும். ஆனால் ஏமாற்று வேலையே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

பிக்கப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுற்றும்தான். ஹம்பக்கரில் தலைமுடி அளவே தடிமன் உள்ள கம்பியை ஒவ்வொரு காயிலிலும் சுமார் 5,000 சுற்று சுற்றியிருப்பார்கள். மீட்டர் காட்டும் கிலோ ஓம், அதாவது மின்தடை, அந்தக் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. வயதானால் அது பாதியாகக் குறையாது. உள்ளே கம்பி அறுந்திருந்தால் மீட்டர் எதையுமே காட்டாது. 7.8 என்று நிலையாகக் காட்டினால் கம்பி அறுபடவில்லை என்று அர்த்தம். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்' ஸ்டிக்கர் ஒட்டி வந்ததால் பிஏஎஃப் என்று அழைக்கப்பட்டு, இன்று உலகம் முழுக்கத் தேடி அலைகிற அந்தப் பிக்கப்பும் பெரும்பாலும் 7க்கும் 9க்கும் நடுவில்தான் காட்டும். அந்தப் பாணியில் செய்த ஹம்பக்கருக்கு 7.8 இயல்பான அளவு. நம் ஊர் வெயிலும் இதில் விளையாடும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். ஏசி அறையில் 7.8 காட்டிய பிக்கப், மே மாத மதியம் மொட்டைமாடி அறையில் 8.2 காட்டினால் அதற்கு உயிர் கூடிவிட்டது என்று சொல்ல முடியுமா?

காந்தத்தைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். பிக்கப்பில் போடும் அல்னிகோ என்ற உலோகக் காந்தம் வயதானதால் மட்டும் சத்தம் கெடும் அளவுக்கு வலு இழக்காது. பலமான வேறொரு காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டினால் கெடும்.

சரி, அவர் என்ன மாட்டினார்? அமெரிக்காவின் செய்மோர் டங்கன் பிக்கப் என்றார். பிரிட்ஜில் ஜேபி என்ற மாடல், நெக்கில் (கழுத்துப் பக்கம்) அதற்கு ஜோடி. வாட்ஸ்அப்பில் மாடல் பெயரை எழுதியே அனுப்பினார். கிடார் திரும்பி வந்தபோது சத்தம் மந்தமாக, கம்பளி போர்த்தியது மாதிரி இருந்தது. ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் கீச்சென்று அலறியது. சுவிட்சை நடுவில் வைத்தால் மூக்கால் பாடுவது போல மெலிந்து கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, பழைய கரகரப்பு அப்படியே இருந்தது.

பிக்கப் இரண்டையும் மாற்றிய பிறகும் அதே குறை இருக்கிறது என்றால் குறை பிக்கப்பில் இருந்ததே இல்லை. வடபழனியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் நண்பர் கிடாரைத் திறந்து, சுவிட்சில் கான்டாக்ட் கிளீனரை அடித்து நாலு முறை முன்னும் பின்னும் தள்ளினார். கரகரப்பு நின்றுவிட்டது. கடல் காற்று அடிக்கிற ஊரில் சுவிட்ச், ஜாக், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் களிம்பு பிடிக்கும். அந்த கிளீனர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள்.

அப்புறம் பிக்கப்பைப் பார்த்தோம். செய்மோர் டங்கன் ஜேபியில் இருப்பது அல்னிகோ 5 காந்தம். அளந்தால் 16 கிலோ ஓமுக்குச் சற்று மேலே காட்டும். வழக்கமாக கறுப்பு, வெள்ளை, பச்சை, சிவப்பு என்று நான்கு ஒயரும் உறையில்லாத ஒன்றும் வெளியே வரும். எனக்கு மாட்டியிருந்ததில் இரண்டே ஒயர். அடித்தகட்டுக்கு உள்ளே இருந்தது உலோக நிறமில்லாத கறுப்பு செராமிக் காந்தம். மீட்டரில் 8.1 காட்டியது! 7.8 என்பதால் பாதி செத்தது என்று ஒன்றைக் கழற்றியவர், 8.1 காட்டுகிற போலியை 16 என்று சொல்லி விற்றிருக்கிறார். காயில் அதிராமல் பிடித்துக்கொள்ளும் மெழுகையே ஏற்றவில்லை. கீச்சென்ற அலறலுக்கு அதுதான் காரணம். இரண்டில் ஒன்றை ஒயர் மாற்றிப் பற்றவைத்ததால் நடுவில் சத்தம் மெலிந்திருக்கிறது. வால்யூம் கன்ட்ரோலையும் சொல்லாமலே மாற்றியிருந்தார். ஏ500கே என்று அச்சிட்டிருந்த பழையது போய் பி250கே உட்கார்ந்திருந்தது. ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடுவது 500 கிலோ ஓம். 250 போட்டால் மேல்ஸ்தாயி மங்கும்.

திரும்பப் போய்க் கேட்டோம். மாமாவும் கூட வந்தார். "அந்தப் பழைய பிக்கப்பை மட்டுமாவது குடுங்கப்பா" என்றார். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு சார், உங்களுக்கு எதுக்கு அது?" என்று பதில் வந்தது. அந்தக் கால ஜப்பான் பிக்கப்பைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. மாமா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

நீங்கள் பிக்கப் மாற்ற நினைத்தால் கிடாரைத் திறக்காமலே அளந்துவிடலாம். கேபிளை ஜாக்கில் செருகுங்கள், வால்யூமை முழுதாக வையுங்கள், சுவிட்சில் ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேபிளின் மறுமுனையில், நுனியில் ஒரு முள்ளும் தண்டில் ஒரு முள்ளும் வைத்தால் மீட்டர் எண்ணைக் காட்டும். வால்யூம் கன்ட்ரோலும் குறுக்கே இருப்பதால் சற்றுக் குறைவாக வரும். 8 இருக்க வேண்டியது 7.9 காட்டும். எண் இந்த மாதிரி அளவில் நிலையாக நின்றால் காயில் அறுபடவில்லை. வால்யூம் கன்ட்ரோலின் 500 போலக் காட்டினால்தான் கம்பி அறுந்திருக்கும். சுவிட்சை அசைக்கும்போது எண் துள்ளினால் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும். கிடாரைக் கொடுப்பதற்கு முன் இதையும் பிக்கப்பின் முன்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். முடிந்தால் பின்பக்கத்தையும்.

சத்தம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றுவதாக இருந்தால், முதலில் கிடாருக்குப் புதுக் கம்பி போட்டு, பிக்கப்பின் உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே சத்தம் தெளிவாகும், பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அதற்கும் மேலே வேண்டுமென்றால், கிலோ ஓம் அதிகம் என்பதால் மட்டும் உசத்தி என்று நினைக்காதீர்கள். சுற்று கூடினால் சத்தமும் நடு ஸ்தாயியும் ஏறும், பளிச்சென்ற மேல்ஸ்தாயி இறங்கும். டிமார்ஜியோ சூப்பர் டிஸ்டார்ஷன் மாதிரி 13க்கு மேல் போகிறவை ராக் வாசிக்க அருமை. மெல்லிசையில் தெளிவாக ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக) வாசிக்க 7, 8 தான் இனிமை என்பது என் கருத்து. கிடார் கம்பிகளின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். கிப்சன் பாணியில் பிக்கப்பின் முதல் திருகிலிருந்து ஆறாவது திருகு வரை ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், ஃபெண்டர் பாணி பிரிட்ஜுக்கு 52, 53 வரும்.

ஒயரின் நிறத்தைத் தயாரிப்பாளர் வரைபடத்தோடு ஒப்பிடாமல் பற்றவைக்க விடவே கூடாது. செய்மோர் டங்கனில் சிக்னல் ஒயர் கறுப்பு, டிமார்ஜியோவில் சிவப்பு. கழற்றியதெல்லாம், திருகு உட்பட, ஒரு கவரில் போட்டுத் திரும்பத் தர வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தராத இடத்தில் கிடாரை வைத்துவிட்டு வர வேண்டாம்.

எனக்கு ஒழுங்கான பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். ஆனாலும் யுபிஐயில் பணம் போன பதிவும், மாடல் பெயரோடு அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

சென்னையில் யாராவது பழைய யமஹா ஹம்பக்கர் ஜோடியை உங்களிடம் விற்க வந்தால் பிக்கப்பின் உலோக மூடியைப் பாருங்கள். நிக்கல் மூடி. பிரிட்ஜ் பிக்கப்பின் இடது ஓரத்தில் மாமாவின் பிக் உரசி உரசி மங்கிய சாய்வான தேய்மானம் இருக்கும். பின்தகட்டில் ஆணியால் கீறிய 'ரா' என்ற எழுத்து இருக்கும். வாங்கிவிடாமல், விற்பவரையும் விரட்டிவிடாமல், எனக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லுங்கள்.