கம்பமா, நந்தியா, நாசிக்கா? காரைக்குடியிலிருந்து ஒயின் தோட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடிப் பக்கத்திலிருந்து திராட்சைத் தோட்டமும் ஒயினும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் மூன்று திசை உண்டு. மதுரை தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கு, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம், மும்பைக்கு வடகிழக்கே நாசிக். பக்கம் என்றால் கம்பம்தான். காரில் ஐந்து மணி நேரம். பெங்களூர் ஓர் இரவுப் பயணம். நாசிக்கிற்கு மதுரையில் விமானம் ஏறி மும்பையில் இறங்கினாலும், அங்கிருந்து சாலையில் 170 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு முழு நாள் போய்விடும். ஆனாலும் ஒயினுக்காகவே போகிறவர்களுக்கு என் ஓட்டு நாசிக்கிற்குத்தான், அதுவும் தை பிற்பாதி தொடங்கி மாசி முடிய.

தூரம், செலவு, தங்குமிடம் எல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் பார்க்க வேண்டியது மாதம். அதைத் தீர்மானிப்பது கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை நறுக்கிவிடுவது. நாசிக்கில் கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் கவாத்து புதுக் கிளை விட்டு, அதில் அடுத்த காய்ப்புக்கான மொட்டு திரள்வதற்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் செய்வதுதான் காய்ப்புக் கவாத்து. ஆக, பழம் ஆண்டுக்கு ஒரே முறை. ஜனவரியில் வெள்ளை ஒயினுக்கான சோவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் முதலில் வரும். சிராஸ், கேபர்னே சோவினியோன் போன்ற சிவப்பு வகைகள் பிப்ரவரி, மார்ச்சில். பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால் வெயிலில் துளிர்விடும் கொடிதான் இருக்கும். ஆகஸ்டில் மழையும் இலையும் மட்டும். ஒயின் அப்போதும் கிடைக்கும், ஆனால் அதை மதுரையிலேயே குடித்திருக்கலாம். பொங்கல் விடுமுறையும் கொஞ்சம் முந்திதான். சில வெள்ளை வகைகளோடு திரும்ப வேண்டியிருக்கும்.

அறுவடை மாதத்தில் விடிகாலையில் தோட்டத்தில் நிற்க வேண்டும். பழம் சூடேறினால் ஆலைக்குப் போகும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்கப் பார்ப்பார்கள். பிறகு ஆலைக்குள் போனால் வேறுபாடு கண்ணெதிரே தெரியும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை உடனே தோலிலிருந்து பிரிக்கிறார்கள். சிவப்புக்குத் தோல், விதையோடு சேர்த்தே புளிக்க விடுகிறார்கள். நிறம் அந்தத் தோலில்தான் இருக்கிறது, துவர்ப்பு தோலிலும் விதையிலும். இதைப் பார்த்துவிட்டு ருசித்தால் நாக்குக்கு விஷயம் பிடிபடும்.

1999-ல் ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா ஒயின் ஆலையும் பக்கத்திலேயே யார்க் ஆலையும் கங்காப்பூர் அணைப் பக்கம் இருக்கின்றன. நாசிக் ஊரிலிருந்து அரை மணி நேரம்தான். ஒரு வண்டியை நாள் வாடகைக்குப் பிடித்தால் குடித்தவர் யாரும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதில்லை. சனி, ஞாயிறு மும்பைக் கூட்டம் அள்ளும். செவ்வாய் முதல் வியாழன் வரை நிதானமாக விளக்கிச் சொல்வார்கள். ஜனவரி 26, 30 தேதிகளில் மதுவிலக்கு நாள், தவிர்த்துவிடுங்கள்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு வசதி. ஒயின் வேண்டாம் என்கிற ஆச்சிமாரும் ஐயாமாரும் பஞ்சவடியையும், 30 கிலோமீட்டரில் திரியம்பகேசுவரரையும் தரிசிக்கலாம். சீரடியும் 90 கிலோமீட்டர்தான். மகா சிவராத்திரியை ஒட்டித் திரியம்பகத்தில் நெரிசல் தாங்காது, அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது.

ருசிக்கப் போகும் முன் மிளகாய்க் காரம் வேண்டாம். காரம் ஏறிய நாக்கில் சிவப்பு ஒயினின் துவர்ப்பு இன்னும் கடுப்பாகத் தெரியும். கோழி மிளகு வறுவலோடு வைத்துக் குடிப்பதாக இருந்தால் லேசாக இனிக்கும் செனின் பிளாங்க்கைக் குளிர வைத்துக் குடிக்கலாம். வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் ஒரே மதியத்தில் கெட்டுவிடும்.

நந்தி மலையின் பலம் வசதி. 1988-ல் தொடங்கிய குரோவர் ஒயின் ஆலை (இன்று குரோவர் சாம்பா) தொட்டபல்லாபூரில் இருக்கிறது. தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். ஆலையைச் சுற்றிப் பார்க்க முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வழியில் சாலையோரம் தெரியும் தோட்டமெல்லாம் ஒயின் தோட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் தின்னவும் சாறு பிழியவும் வளர்க்கும் பெங்களூர் நீலம், தில்குஷ் வகைகள்தான். பெங்களூரில் வேலை இருக்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல அரை நாள். அதற்கென்றே காரைக்குடியிலிருந்து கிளம்ப ஓர் ஆலை போதாது என்பது என் எண்ணம்.

கம்பத்தில் கதை தலைகீழ். அங்கே ஒரு தோட்டம் கவாத்தில் இருக்கும்போது அடுத்த தோட்டம் பழுத்திருக்கும். கோடைக்காய்ப்பு ஏப்ரல், மே. அடுத்தது ஆகஸ்ட், செப்டம்பர். கவாத்து செய்கிற தேதியை முன்பின் மாற்றிக்கொள்வதால் ஆண்டில் எந்த மாதம் போனாலும் எங்காவது பந்தலடியில் குலை தொங்கும். ஆனால் அது பன்னீர் திராட்சை, தின்னவும் சாறு பிழியவும் ஏற்றது. பள்ளத்தாக்கின் இரவுகள் அவ்வளவு குளிர்வதில்லை; சூடான இரவில் பழம் தனக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைத் தானே செலவழித்துவிடும். புளிப்பு குறைந்த சாற்றில் ஒயின் சப்பென்று ஆகிவிடும். நாசிக்கில் ஜனவரி இரவு 10 டிகிரி வரை இறங்குவது இதனால்தான் அவ்வளவு முக்கியம். சுற்றிக்காட்டி ருசிக்க வைக்கும் ஏற்பாட்டையும் நாசிக் அளவுக்குக் கம்பத்தில் எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகளோடு ஒரு நாள் போய்ப் பந்தலுக்கு அடியில் நடந்து வர ஆசை இருந்தால் கம்பமே போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் தோட்டங்கள் நெருக்கமாக இருக்கும். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் மருந்து அடிப்பார்கள், கடைசியாக எப்போது அடித்தது என்று தோட்டக்காரரைக் கேட்காமல் பறித்து வாயில் போட வேண்டாம். வாங்கும் பழத்தை அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வைத்து, அன்றைக்கே ஊர் திரும்பிவிடுங்கள். நாள்பட நிற்கிற பழமில்லை.