தினமும் பசியாற: புளோக்குக் காப்பிக்கடையா, கடைத்தொகுதி டோஸ்ட் கடையா?

சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் வழியில் பசியாற நினைத்தால் இரண்டு இடங்கள் முன்னால் நிற்கும். ஒன்று, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக்கடை. மற்றது, எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடைத்தொகுதியில் யா குன், டோஸ்ட் பாக்ஸ் போன்ற தொடர்கடை. பண்டம் ஒன்றுதான்: காயாவும் (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்புப் பூச்சு) வெண்ணெயும் வைத்த ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, ஒரு காப்பி. இரண்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டுப் பார்த்து, கடைசியில் காப்பிக்கடையோடு நின்றுவிட்டேன்.

ரொட்டியில் தொடர்கடைதான் மேல். மெல்லிசாக, மொறுமொறுவென்று, எந்தக் கிளையிலும் ஒரே பக்குவம். யா குன் 1944இல் தொடங்கிய பெயர், சும்மா நிற்கவில்லை. குளிர்சாதனமும் அங்கேதான். காப்பிக்கடையில் ரொட்டி சில நாள் கருகும், சில நாள் தொய்ந்திருக்கும்.

ஆனால் தினமும் சாப்பிடுகிறவருக்கு விலைதான் பேச்சு. தொடர்கடையில் இந்த மூன்றும் சேர்ந்த செட் 6 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிட்டது. எங்கள் புளோக்கில் அதே மூன்றும் 4 வெள்ளிக்குள் முடிகிறது. நாளுக்கு 2 வெள்ளி என்றாலும் 22 வேலைநாளில் 44 வெள்ளி.

அதைவிட முக்கியம், காப்பிக்கடையில் வேண்டியதை மட்டும் வாங்கலாம். பசி இல்லையா, ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) போதும். தொடர்கடையில் செட் எடுத்தால்தான் கட்டுப்படியாகிறது. அதனால் வேண்டாத முட்டையும் தட்டில் வந்து உட்காரும். காப்பிக்கடையில் பானக்கடை வேறு, சாப்பாட்டுக் கடைகள் வேறு. ரொட்டி சலித்தால் அதே மேசையில் பக்கத்துக் கடை பரோட்டாவோ பீஹூனோ (அரிசி சேமியா) வாங்கிக்கொள்ளலாம். அரசு வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டும், அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடைகளில் செல்லும்.

வீவக வாடகைக்கு விடும் காப்பிக்கடைகளில், குத்தகை புதுப்பிக்கும்போது மலிவு விலைச் சாப்பாடும் பானமும் வைக்க வேண்டும் என்று 2023 முதல் நிபந்தனை இருக்கிறது. தனியாருக்குச் சொந்தமான கடைகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே உட்காருமுன் விலைப்பலகையைப் பார்த்துவிடுங்கள்.

காப்பியிலும் என் ஓட்டு இங்கேதான். சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துக் கறுக்க வறுத்த கொட்டை. துணிப்பையில் வடித்து, நீள மூக்குக் குவளையிலிருந்து அங்கிள் கெட்டியாக ஊற்றுவார். சர்க்கரை வேண்டாமென்றால் ‘கோசோங்’, குறைத்துப் போட ‘சியூ டாய்’. தொடர்கடையிலும் இப்படிக் கேட்கலாம்தான், ஆனால் எனக்கு அங்கே காப்பி சற்று இளகலாகவே படுகிறது.

என் அனுபவம் காலை ஏழு, எட்டு மணியோடு சரி. மத்தியானப் புழுக்கத்தில் வயதானவர்களோடு போவதென்றால், இல்லை நண்பரோடு நிதானமாகப் பேச வேண்டுமென்றால், கூடுதல் காசுக்குத் தொடர்கடை தகும். அப்புறம், எங்கே சாப்பிட்டாலும் தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். காப்பிக்கடைகளில் 2022 ஜனவரி முதல் அது கட்டாயம்.